கித்துல்மலைப் பாதையில் ஒரு குடை

சிவமயம்
பதுளை,
12.1.1925

அன்புள்ள தம்பி மயில்வாகனத்துக்கு அக்காள் ராமாமிர்தம் எழுதுவது. இங்கே நானும் கடை ஆட்களும் சுகம். மழைதான் மார்கழி தொடங்கியதிலிருந்து விடவில்லை. நீயும் ஜெயலெட்சுமியும் சுகம்தானா? உன் கடிதம் கண்டு ஒரு மாதத்துக்கு மேலாகிறது. சட்டநிரூபண சபையில் அங்கத்தவரானவர்கள் அக்காளுக்குக் கடிதம் எழுதக் கூடாதென்று விதி ஏதும் இருக்கிறதா, தெரியவில்லை.

பத்திரிகையில் உன் படம் பார்த்தேன். நான் கொடுத்த வெள்ளிப்பிடிக் குடையை ஊன்றிக்கொண்டு நிற்கிறாய். உன் அத்தான் சீமையிலிருந்து நம் கடைக்கு வரவழைத்த முதல் குடைகளில் அது ஒன்று. அவர் போன பிறகும் விற்க மனமில்லாமல் வைத்திருந்து, நீ ஜெயித்த அன்று உனக்குத் தந்தேன். படத்தில் அது நேராக நிற்கிறது. உன் கழுத்துப்பட்டிதான் கோணல். அடுத்த முறை கண்ணாடி பார்.

இனிக் காரியம். நமுனுகுலப் பக்கம் கித்துல்மலைத் தோட்டத்திலிருந்து மாரியாயி என்ற பெண் கைக்குழந்தையோடு நடந்து வந்து நம் கடை வாசலில் உட்கார்ந்திருந்தாள். கடைக்குள் கூப்பிட்டு விசாரித்தேன். அவள் புருஷன் ரெங்கசாமி, காய்ச்சலாயிருந்த இந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து மருந்துச்சாலைக்குப் போயிருக்கிறான். நல்ல மழை. எதிரே தோட்டத்துரை குதிரையில் வந்திருக்கிறார்.

"தொரை வந்தா கொடைய மடக்கிட்டு ஓரமா எறங்கி நிக்கணும்மா. எங்கப்பா காலத்துலருந்து அதுதான் வழக்கம்" என்றாள்.

"பிறகு உன் புருஷன் ஏன் மடக்கவில்லை?"

"கையில புள்ள இருந்துச்சுங்க. மடக்குனா புள்ள நனையும். அவரு புள்ளையத்தான் பாத்தாரு, தொரையப் பாக்கல."

துரை இறங்கி வந்து குடையைப் பிடுங்கி முழங்காலில் வைத்து ஒடித்தாராம். மறுநாள் விடியற்காலை, ஆட்களை வேலைக்குப் பிரித்துவிடும் பெரட்டில், எல்லோருக்கும் முன்னால் ரெங்கசாமிக்கு வேலை இல்லையென்று சொல்லியாயிற்று. பத்துச்சீட்டும் கொடுக்கவில்லை. வேலையிலிருந்து விடுவித்ததாகத் துரை கையெழுத்திட்ட அந்தச் சீட்டு இல்லாமல் வேறு எந்தத் தோட்டமும் அவனைச் சேர்க்காது என்பது உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெரட்டுக்கு வந்து குடையை மடக்கிக் காலடியில் வைத்து மன்னிப்புக் கேட்டால் சீட்டுத் தருவாராம். ரெங்கசாமி மாட்டேன் என்கிறான்.

பெரிய கங்காணி வீரசிங்கம் அங்கே நின்று, "அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான்" என்று பழமொழி சொன்னாராம். உனக்கு வாக்களித்தவர் என்று நான் இரண்டு முறை இலை போட்டுப் பரிமாறிய அதே வீரசிங்கம். பட்டப்பகலில், கொட்டும் மழையில், தன் பிள்ளைக்குக் குடை பிடித்தவன் அற்பனாம். நெய் ஊற்றிப் பரிமாறிய என் கையைத்தான் சொல்ல வேண்டும்.

என்னைக் கன்னியர் மடத்தில் படிக்க வைத்த மதரும் வெள்ளைக்காரிதான். மழைக்கு ஒதுங்கிய கூலிக்காரிக்குத் தன் குடையைக் கொடுத்துவிட்டு நனைந்து வந்ததை நான் கண்ணால் கண்டேன். ஆகவே இது வெள்ளைக்காரச் சாதியின் வழக்கம் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

தம்பி, நீ இதைச் சபையில் கேட்க வேண்டும். பெண் என்பதால் எனக்கு வாக்கு இல்லை. வீட்டுக்கும் கடைக்கும் வரி மட்டும் ஆண்பிள்ளைபோல் வாங்கிக்கொள்கிறார்கள். இருந்தும் உனக்காக வாக்குக் கேட்டு இந்தக் கடைவீதி முழுவதும் ஏறி இறங்கியவள் நான். இந்தியருக்காகப் பேசுவாய் என்று சொல்லித்தான் கேட்டேன்.

கொழும்புத் தண்ணீரைக் காய்ச்சிக் குடி.

ஆசீர்வாதத்துடன்,
ராமாமிர்தம்

*

கொழும்பு,
30.1.1925

மரியாதைக்குரிய அக்காவுக்கு மயில்வாகனம் வணக்கம். இங்கே நாங்கள் இருவரும் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ஜெயலெட்சுமி ஒரு தைலம் அனுப்புகிறாள்; இளஞ்சூட்டில் தேய்க்கவும். நீங்கள் அனுப்பிய பதுளைத் தோடம்பழம் வந்து சேர்ந்தது. சபை அங்கத்தவர் அறையில் இரண்டு வைத்தேன், எல்லோரும் புகழ்ந்தார்கள்.

நீங்கள் எழுதிய விஷயத்தைக் கவனமாகப் படித்தேன். வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் சபையில் கேள்வி கேட்பது கடைவீதியில் விலை கேட்பதுபோல் அல்ல. முன்கூட்டி அறிவிக்க வேண்டும். தனி ஒரு தோட்டத்தின் பெயரை எடுத்தால் துரைமார் தரப்பு அங்கத்தவர்கள் முகம் சுளிப்பார்கள். தோட்டப் பிள்ளைகளின் பள்ளிக்கூடங்களைப் பற்றி அமைக்கப்போகும் குழுவில் என் பெயர் அடிபடுகிறது. இந்த நேரத்தில் அவர்களைப் பகைத்துக்கொண்டால் பெரிய காரியம் கெட்டுவிடும்.

வீரசிங்கம் கங்காணி பேசியது தவறு. அவரிடம் நான் தனியாகச் சொல்கிறேன். அவருடைய ஆதரவு நமக்கு வேண்டியிருக்கிறது என்பதையும் நீங்கள் நினைக்க வேண்டும்.

அந்தப் பெண்ணுக்கு உடனடியாகத் தேவையானதை என் பேரில் செய்யவும்.

தங்கள் அன்புள்ள தம்பி,
மயில்வாகனம்

*

சிவமயம்
பதுளை,
16.2.1925

தம்பி மயில்வாகனத்துக்கு அக்காள் ஆசீர்வாதம். தைலம் கிடைத்தது. முழங்காலுக்கு நல்லதாக இருக்கிறது. ஜெயலெட்சுமியின் சுகத்துக்கு எழுது.

ரெங்கசாமி இப்போது பதுளைச் சிறையில் இருக்கிறான். வேலை போனவன் தோட்டத்து லயத்தில், கூலியாட்களின் வரிசை வீட்டில், தன் அறையில் படுத்திருந்தது அத்துமீறலாம். அவன் அப்பன் கட்டிய அடுப்பு அந்த அறையில் இருக்கிறது. இரண்டு வாரத் தண்டனை. வழக்கு நாளில் நீதிமன்றக் கச்சேரிக்கு நானே போய் உட்கார்ந்தேன். எனக்கு நாற்காலி போட்டார்கள். அவனைக் கூண்டில் ஏற்றினார்கள். "குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா?" என்று கேட்டதற்கு, "நான் எங்க போயிப் படுக்கட்டும் சாமி?" என்றான். அதை ஒப்புதல் என்று எழுதிக்கொண்டார்கள்.

மாரியாயியும் குழந்தை ராசம்மாவும் நம் பின்கட்டில் இருக்கிறார்கள். உன் பேரில் தேவையானதைச் செய்யச் சொல்லியிருந்தாய். உன் பேரில் செய்யவில்லை. என் பேரில் செய்கிறேன். உன் பேரில் நடக்க வேண்டிய காரியம் ஒன்றுதான். அதைப் பதுளையிலிருந்து செய்ய முடியாது.

மாரியாயி புருஷனைத் திட்டுகிறாள். "ஒரு நிமிசம் மடக்கிட்டா என்ன கொறஞ்சா போவாரு? ராசா பரம்பரையா இவரு?" என்று பாத்திரத்தைப் போட்டுத் தேய்க்கிறாள். பிறகு அவளே, அந்த ஒடிந்த குடையின் துணியை வெட்டிக் குழந்தைக்கு ஒரு முக்காடு தைக்க என் தையல் பெட்டியைக் கேட்டாள். நானே தைத்துக் கொடுத்தேன்.

பள்ளிக்கூடக் குழு நல்லதுதான். பள்ளிக்குப் போகிற பிள்ளை மழையில் எப்படிப் போகும் என்று அதிலாவது கேட்பாயா?

இப்படிக்கு,
ராமாமிர்தம்

*

கொழும்பு,
14.3.1925

மரியாதைக்குரிய அக்காவுக்கு வணக்கம். நலம், தங்கள் நலம் கோருகிறேன். உங்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. சென்ற வாரம் சபையில் கேள்வி கேட்டுவிட்டேன்.

தோட்டங்களில் குடையைப் பற்றி ஏதேனும் சட்டமோ விதியோ அமலில் உள்ளதா என்று கேட்டேன். அப்படி ஒரு விதியும் இல்லை, மரியாதையின் பொருட்டுத் தொழிலாளர் தாமாகவே பின்பற்றும் பழக்கம் சில இடங்களில் இருக்கலாம் என்று அரசாங்கத் தரப்பில் பதில் வந்தது. நன்றி சொல்லி அமர்ந்தேன். விதி இல்லை என்று அரசாங்கத்தின் வாயாலேயே வரவழைத்தது சிறிய காரியமில்லை என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.

ரெங்கசாமி வெளியே வந்திருப்பான். அவனிடம் ஒன்று சொல்லுங்கள். விதியே இல்லை என்று தெரிந்த பிறகு, ஒரு சொல் மன்னிப்பில் அவனுக்கு இழப்பு எதுவும் இல்லை. கேட்டுவிட்டுச் சீட்டை வாங்கிக்கொண்டால் லுணுகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் சேர்த்துவிட என்னால் முடியும். நம் ஜனங்களுக்குக் கொஞ்சம் நெளிவு சுளிவு வேண்டும்.

தங்கள் அன்புள்ள தம்பி,
மயில்வாகனம்

*

சிவமயம்
பதுளை,
23.3.1925

தம்பிக்கு அக்காள் எழுதுவது. உடம்பு சுகம். மனம் சுகமில்லை.

உன் கேள்வியையும் அதற்கு வந்த பதிலையும் ஆங்கிலப் பத்திரிகையில் நீ எழுதுவதற்கு முன்பே படித்தேன். "தாமாகவே" என்ற இடத்தில் நீ எழுந்து, "அப்படியானால் மடக்காதவனின் குடையை ஒடித்தது யார்?" என்று கேட்டிருக்க வேண்டும். நீ நன்றி சொன்னாய். எதற்கு நன்றி? அவர்கள் பொய் சொல்ல உனக்கு நேரம் ஒதுக்கியதற்கா?

விதி இல்லை என்றால் மன்னிப்பு எதற்கு? நீ சட்டம் படித்தவன். மடத்தில் நாலு வருஷம் படித்த எனக்கே இது தெரிகிறது. செய்யாத குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்கச் சொல்வதை மதர் பொய்ச்சாட்சியில் சேர்ப்பார்.

ரெங்கசாமிக்கு உன் கடிதத்தைப் படித்துக் காட்டவில்லை. அவன் உன்மேல் நம்பிக்கை வைத்திருக்கிறான். "கவுன்சில் தொரை வந்து ஒரு வார்த்த கேட்டா சீட்டு வந்துரும்மா. அவரு நம்ம ஆளு" என்கிறான். நம் கடையில் மூட்டை தூக்குகிறான். ஆனால் அவன் கடைக்கு உரியவன் அல்ல. அவன் தகப்பனைப் புதைத்த மலை அது. அங்கே இடமில்லாவிட்டால் பக்கத்து மலையிலாவது கொழுந்துச் செடிக்கு நடுவில் நிற்க வேண்டும் என்கிறான்.

சித்திரை வருஷப் பிறப்புக்கு வா. ரயில் இப்போது பதுளை வரைக்கும் வருகிறது, சாக்கு இல்லை. நாமிருவரும் கித்துல்மலைக்குப் போய்த் துரையிடம் சீட்டைக் கேட்போம். ஜெயலெட்சுமியை அழைத்து வந்தால் சந்தோஷம்.

இப்படிக்கு,
ராமாமிர்தம்

*

கொழும்பு,
24.4.1925

மரியாதைக்குரிய அக்காவுக்கு வணக்கம். சுகமாக வந்து சேர்ந்தேன். வருஷப் பிறப்பு உபசாரத்துக்கு மிகவும் நன்றி. உங்கள் கையால் மாங்காய்ப் பச்சடி சாப்பிட்டுப் பல வருஷமாகிறது. ஹாலிஎலவிலிருந்து மலை ஏறும்போது ரயிலில் நல்ல குளிர். இப்போது இலேசான சளி. வேறொன்றுமில்லை.

கித்துல்மலைத் துரை பங்களாவில் நம்மை மரியாதையாகத்தான் நடத்தினார். சீட்டைப் பற்றி யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார். பொறுமையாக இருப்போம்.

பள்ளிக்கூடக் குழு அடுத்த மாதம் கூடுகிறது. வேலை அதிகம் என்பதால் இனிக் கடிதம் தாமதமாகலாம்.

குடையை உங்கள் வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்துவிட்டேன். அவசரமில்லை. அனுப்ப வேண்டாம்.

தங்கள் அன்புள்ள தம்பி,
மயில்வாகனம்

*

சிவமயம்
பதுளை,
11.5.1925

தம்பி மயில்வாகனத்துக்கு அக்காள் ஆசீர்வாதம். சளி தீர்ந்ததா? இஞ்சியும் மிளகும் தட்டிப்போட்டுக் கஷாயம் வைத்துத் தரும்படி ஜெயலெட்சுமியிடம் சொல்.

உன் கடிதத்தில் மாங்காய்ப் பச்சடி இருக்கிறது, ரயிலின் குளிர் இருக்கிறது, துரையின் மரியாதை இருக்கிறது. பாதையில் நடந்தது இல்லை. அன்று இராச் சாப்பாட்டின்போதும் நீ அதைப் பேசவில்லை. வருஷப் பிறப்புப் பண்டிகையைக் கெடுக்க வேண்டாமென்று நானும் பேசவில்லை. ஆகவே இப்போது எழுதுகிறேன்.

தோட்டத்து எல்லைக் கல்லருகே காரை நிறுத்தினோம்; அதற்கு மேல் கார் போகாது. ரெங்கசாமி உள்ளே வந்தால் அத்துமீறல் என்று அவனை அங்கேயே விட்டோம். நீயும் நானும் நடந்தோம். இரண்டாவது வளைவில் மழை பிடித்தது. நீ வெள்ளிப்பிடிக் குடையை விரித்தாய், நான் என்னுடையதை விரித்தேன். எதிரே குதிரை வந்தது. நான் உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீ குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பாதையை விட்டிறங்கி ஓரத்து வடிகால் கானுக்குள் நின்றாய். சீமைக் கோட்டில் மழை வழிந்தது. துரை உன்னை ஏறிட்டும் பார்க்காமல் போனார். யாரோ கடைக்காரன் என்று நினைத்ததாக, பிறகு பங்களாவில் உன் பெயரைக் கேட்டதும் அவரே சொல்லிச் சிரித்தார். நீயும் சிரித்தாய். உன் கோட்டிலிருந்து அவருடைய கம்பளத்தில் தண்ணீர் சொட்டியதற்கு வருத்தம் தெரிவித்தாய்.

என் குடை என் தலைக்கு மேலேயே இருந்தது. குதிரை என்னையும் கடந்துதான் போனது. வானம் இடிந்து விழவில்லை.

மேட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் பார்த்தார்கள். திரும்பி வரும்போது ஒருத்தி சொன்னது உன் காதிலும் விழுந்திருக்கும்.

"கவுன்சில் தொரையே மடக்கிட்டாரு. நம்ம ரெங்கன் என்னா அவரவிடப் பெரிய ஆளா?"

"அவருக்குச் சளி புடிச்சா சர்க்காரு பாத்துக்கும்டி" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

நாம் எல்லைக் கல்லை எட்டும் முன்பே அந்தப் பேச்சு எட்டிவிட்டது. ரெங்கசாமி உனக்குக் கார்க் கதவைத் திறந்துவிட்டான்.  மறுநாள் காலை, "நான் போயி மன்னிப்பு கேட்டுர்றேம்மா. இனி மடக்காம இருக்க எனக்கு என்னா இருக்கு?" என்றான். இத்தனை மாதம் மன்னிப்புக் கேள் என்று அவனைப் பிடுங்கியெடுத்த மாரியாயி, "போகாதீங்க" என்று வாசலை மறித்து நின்றாள். போனான். பெரட்டில் ஒரு கிழிந்த குடையை மடக்கிக் கீழே வைத்து நின்றான். துரை வெளியே வரவேயில்லை. வீரசிங்கம்தான் வந்து, "சீட்டக் கவுன்சில் தொரைகிட்டயே வாங்கிக்க" என்று சொல்லி அனுப்பினாராம்.

துரை ஒடித்தது அவன் குடையை மட்டும்தான்.

உன் குடை என் அலமாரியில் இருக்கிறது. அனுப்ப வேண்டாம் என்றாய். அனுப்பவில்லை.

இப்படிக்கு,
ராமாமிர்தம்

*

பதுளை,
2.7.1925

தம்பிக்கு அக்காள் எழுதுவது. சுகம். உன் சுகத்துக்கு இரண்டு வரி எழுது. நான் எழுதியதில் ஒரு சொல்லையும் திரும்ப எடுக்கவில்லை. ஆனாலும் சுகத்துக்கு எழுது.

ராமாமிர்தம்

*

கொழும்பு,
19.8.1925

அன்புள்ள மதினிக்கு ஜெயலெட்சுமி நமஸ்காரம். நாங்கள் சுகம் என்று எழுத வேண்டும், நான் சுகம். உங்கள் முழங்காலுக்கு இன்னொரு புட்டித் தைலம் அனுப்பியிருக்கிறேன்.

நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. உங்கள் கடிதங்களை அவர் மேசையில் வைத்திருக்கிறார். பதில் எழுத உட்காருவார், எழுந்துவிடுவார். பள்ளிக்கூடக் குழுவுக்கு இரண்டு கூட்டமாகப் போகவில்லை. அரசாங்கப் பட்டம் ஏதோ கிடைக்கும் என்று நண்பர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறார்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. இங்கே வைகாசியிலிருந்து மழை. அவர் குடை எடுப்பதே இல்லை. வேறு குடை வாங்கிக் கொடுத்தேன். அது மூலையில் நிற்கிறது. நனைந்தபடியே கச்சேரிக்குப் போகிறார், நனைந்தபடியே வருகிறார். "இது என்ன கோலம்?" என்று கேட்டால், "மழைதானே" என்கிறார். இருமல் விடுவதில்லை.

நீங்கள் பெரியவர்கள். அங்கே நடந்தது என்னவென்று எனக்குச் சொல்ல வேண்டுமென்று நான் கேட்கவில்லை. அவருக்கு ஒரு நல்ல வார்த்தை எழுதினால் போதும்.

தங்கள்,
ஜெயலெட்சுமி

*

கொழும்பு,
6.10.1925

மரியாதைக்குரிய அக்காவுக்கு மயில்வாகனம் வணக்கம். இருமல் இப்போது குறைவு. நீங்கள் அனுப்பிய சுக்குப் பொடி வந்தது. கடிதம் எதுவும் உடன் வைக்காமல் பொடியை மட்டும் அனுப்பினீர்கள். அதுவே போதுமாக இருந்தது.

நான் துரைக்குப் பயந்தேன் என்று நினைத்திருப்பீர்கள். பயந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நான் எதுவுமே நினைக்கவில்லை. குளம்புச் சத்தம் கேட்டது. அடுத்து நான் அறிந்தது, மழை என் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. என்னைக் கேளாமல் என் கை மடக்கிவிட்டது.

அப்பா துணிமூட்டையோடு தோட்டம் தோட்டமாக ஏறிய காலத்தில் என்னையும் கூட்டிப்போவார். எல்லைக் கல்லைத் தாண்டியதும் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொள்வார். துரை வந்தாலும் வராவிட்டாலும் அப்படித்தான். வாயால் எனக்கு எதையும் சொல்லித்தரவில்லை. திரும்பி ஒரு பார்வை பார்ப்பார். நானும் என் சின்னக் குடையை மடக்குவேன். மூட்டை நனையாமல் இருக்க அதன்மேல் மெழுகுச்சீலை இருக்கும். எங்கள்மேல் ஒன்றும் இருக்காது. நீங்கள் அப்போது மடத்தில் படித்துக்கொண்டிருந்தீர்கள், அக்கா. உங்களை அந்த மலைகளுக்கு அவர் ஒருநாளும் கூட்டிப்போனதில்லை. உங்கள் கை அதைக் கற்காதது அதனால்தான்.

இதைச் சாக்காக எழுதவில்லை. தாமாகவே மடக்குகிறார்கள் என்று சபையில் சொன்னார்களே, அதற்கு என்ன பதில் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். பதில் நான்தான். வருகிற கூட்டத்தில் எழுந்து, கித்துல்மலைப் பாதையில் நான் மடக்கியதைச் சொல்லப்போகிறேன். கட்டளை இல்லாமலே இந்தச் சபையின் அங்கத்தவன் ஒருவனையே கானில் இறக்கிவிடும் பழக்கத்துக்குச் சட்டம் எதற்கு என்று கேட்கப்போகிறேன். ரெங்கசாமியின் பெயரையும் சொல்வேன், சீட்டையும் கேட்பேன்.

ஜெயலெட்சுமிக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "முதலிலேயே சொல்லியிருந்தால் இத்தனை கோட்டு வீணாகியிருக்காது" என்றாள்.

தங்கள் அன்புள்ள தம்பி,
மயில்வாகனம்

*

சிவமயம்
பதுளை,
27.11.1925

அன்புள்ள தம்பி மயில்வாகனத்துக்கு அக்காள் ஆசீர்வாதம். இங்கே சுகம். மழை தொடங்கிவிட்டது.

அப்பாவைப் பற்றி நீ எழுதியது எனக்குத் தெரியாது. அவர் வீட்டுக்கு வரும்போது தலை துவட்டியிருக்கும். கடிதத்தை வாசித்த அன்று மாலை விளக்கேற்றப் பிந்திவிட்டது. இவ்வளவுதான் அதைப் பற்றி என்னால் எழுத முடியும்.

சபையில் நீ பேசியதைப் பத்திரிகையில் இரண்டு முறை படித்தேன். மாரியாயிக்கும் ரெங்கசாமிக்கும் தமிழில் சொன்னேன். "நானும் மடக்கினேன்" என்ற இடத்தில் ரெங்கசாமி என்னை நிறுத்தி, "அப்படியேவா சொன்னாரு? அத்தன தொரைமாருக்கு முன்னாலயா?" என்று கேட்டான். அப்படியேதான் என்றேன்.

அதன் பிறகு நடந்ததையும் படித்தேன். துரைமார் தரப்பில் ஒருவர் எழுந்து, கௌரவ அங்கத்தவரை யாரும் மடக்கச் சொல்லவில்லை, படித்தவரும் வழக்கறிஞருமான அவரே விரும்பி மடக்கியிருக்கிறார், இது தாமாகச் செய்யும் மரியாதைதான் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி ஏது என்று கேட்டாராம். சபையில் சிரிப்பு என்று அடைப்புக்குறிக்குள் அச்சிட்டிருக்கிறார்கள். தம்பி, அறுபது வயதைத் தாண்டிய நான் அந்த அடைப்புக்குறியைப் பார்த்ததும் பத்திரிகையைக் கசக்கிச் சுவரில் எறிந்தேன். ஒரு மனிதன் தன் தோலை உரித்துக் காட்டுகிறான். அந்தத் தோல் நன்றாகப் பதம் போட்டிருக்கிறதென்று சிரிக்கிறார்கள். என் கடிதங்களில் உன்மேல் கொட்டிய கோபத்தில் பாதியை அவர்களுக்கென்று வைத்திருக்கலாம். பரவாயில்லை. இன்னும் இருக்கிறது.

அந்தச் சிரிப்பு அவர்களுக்கே வினையானது. சென்னைப் பத்திரிகைகள் உன் பேச்சைச் சிரிப்போடு சேர்த்து அப்படியே போட்டுவிட்டன. திருச்சியிலும் மதுரையிலும் ஆள் சேர்க்கப் போன கங்காணிமாரிடம், "உங்க ஊருல மழை பேஞ்சா கொடை புடிக்கலாமா?" என்று சனங்கள் கேட்கிறார்களாம். இனி ஆள் வராதென்று தோட்டத்துக்குச் சொந்தமான கம்பெனிக்குப் பயம். ரெங்கசாமிக்குச் சீட்டைக் கொடுத்துத் தொலைக்கும்படி கொழும்பிலிருந்து துரைக்கு எழுதியிருக்கிறார்கள். நியாயத்துக்கு அல்ல, ஆள் பஞ்சத்துக்குப் பயந்து. அது எனக்குக் கசக்கிறது. ஆனாலும் சீட்டு சீட்டுதான்.

துரை விடுகிறாரா? தபாலில் அனுப்பமாட்டாராம். ரெங்கசாமி நேரில் வந்து, தோட்டத்து ஆபீசில் கைநாட்டு வைத்து வாங்க வேண்டுமாம். அதாவது அதே பாதையில் நடந்து வர வேண்டும், இந்த மழையில். பங்களா விறாந்தையில் அவர் காத்துக்கொண்டிருப்பார் என்பது எனக்கு நிச்சயம். "நான் கொடையே இல்லாமப் போறேம்மா. இருந்தாத்தானே மடக்கணும்?" என்கிறான் ரெங்கசாமி. நான் சம்மதிக்கவில்லை. குடையில்லாமல் போவதும் மடக்கிப் போவதும் அவருக்கு ஒன்றுதான்.

நீ வா. வெள்ளிப்பிடிக் குடைக்கு எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறேன். மாரியாயியும் ராசம்மாவும் வருகிறார்கள். கம்பெனி கூப்பிட்டுப் போகிறவர்களை அத்துமீறல் என்று பிடிக்க முடியாது. குளம்புச் சத்தம் கேட்டால் உன் கை உன்னைக் கேட்காது என்றாய். கேட்காவிட்டால் போகட்டும். அதன்மேல் என் கையை வைத்துக்கொள்கிறேன்.

ஆசீர்வாதத்துடன்,
அக்காள் ராமாமிர்தம்

*

சிவமயம்
பதுளை,
15.12.1925

அன்புள்ள ஜெயலெட்சுமிக்கு ராமாமிர்தம் ஆசீர்வாதம். முழங்கால் இரண்டு நாளாகக் குத்துகிறது, மலை ஏறியதால். தைலம் இன்னொரு புட்டி அனுப்பு. தம்பி நாளை ரயிலேறுகிறான். அவனே எல்லாம் சொல்வான். எப்படியும் பாதியை விட்டுவிடுவான் என்பதால் நானும் எழுதுகிறேன்.

சீட்டு வாங்கியாயிற்று. நடத்தை என்ற இடத்தைத் துரை வெறுமையாக விட்டிருக்கிறார். அவருக்குத் தெரியாத விஷயத்தைப் பற்றி எழுதாமல் விட்டது சரிதான். ரெங்கசாமி குடும்பம் தை பிறந்ததும் லுணுகலைத் தோட்டத்துக்குப் போகிறது. நேற்று வீரசிங்கம் கங்காணி கடைக்கு வந்து, தாம் அன்றே துரையிடம் எடுத்துச் சொன்னதாகச் சொன்னார். இந்த முறை இலை போடவில்லை. தேநீர் கொடுத்தேன், நின்றபடி.

பாதையில் மழை பலம். எல்லைக் கல்லிலிருந்து பங்களா வரைக்கும் விடவேயில்லை. மேட்டில் கொழுந்து பறித்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். இரண்டாவது வளைவில் துரை குதிரையில் எதிரே வந்தார். எங்களைக் கடக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

உன் புருஷனுக்கு இருமல் வரும் என்று நீ கவலைப்பட வேண்டாம். அவன் நனையவில்லை. ரெங்கசாமியும் நனையவில்லை. ராசம்மா அவன் தோளிலேயே தூங்கிவிட்டாள்.

இப்படிக்கு,
ராமாமிர்தம்